கறுவாக் கொப்பு

வவுனியா ஆய்வுகூடத்தில் சாரங்கா மரபணு வரிசையை வைத்துக் கறுவாக் குடும்பத் தாவரங்களை இனம்பிரித்துக்கொண்டிருந்தாள். உடையார்கட்டில் அம்மா வீட்டுக் கறுவாப்பட்டை மரத்தின் இலை மட்டும் எந்த இனத்தோடும் சேரவில்லை. மனித வரிசையே வந்தது.

"உங்கட கை பட்டிருக்கும்," என்றார் கூட வேலை செய்யும் குகதாசன்.

புது இலையைக் கழுவி மறுபடி பார்த்தாள்; அதே வரிசைதான் வந்தது. தன் எச்சிலோடும் ஒப்பிட்டாள். அது அவளுடையதல்ல, அவளோடு ஒரே வயிற்றில் பிறந்த ஆணுடையது. போரின் கடைசிச் சண்டையில் காணாமல்போன அண்ணனைத் தவிர அவளுக்குக் கூடப்பிறந்தவர் எவருமில்லை.

மத்தியானம் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா, அந்தக் கறுவா..."

"அது சமைக்கிற குசினி யன்னலுக்குள்ள கொப்பை நீட்டிக்கொண்டே நிண்டது, பிள்ளை. எத்தினை தரம் வெட்டுறது? காலமை அடியோட தறிச்சுப்போட்டன். பொறு, வாறன்."

வழமைபோல, அண்ணன் வந்தால் சாப்பிடவென்று அந்த யன்னலடியில் அம்மா சோறு போட்டு வைக்கும் அகப்பைச் சத்தம் கேட்டது.