குசினிச் சுவர்

குசினிச் சுவரில் சம்மட்டி விழுந்த ஒவ்வொரு தடவையும் தேவமலர் தன் அடிவயிற்றைக் கவனித்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. சுண்ணாம்புதான் உதிர்ந்தது.

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பார்கள். கல்யாணம் பண்ணி மூன்று பெண்களையும் பெற்றாகிவிட்டது. மிச்சத்தையும் பார்த்துவிடலாம் என்று அவள் புருஷன் நாகமுத்து தானே வேலையில் இறங்கிவிட்டான். லோரி ஓட்டுகிறவனுக்குக் கொத்து வேலை என்ன தெரியும்? ஆனாலும் வேலை நகர்ந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை பலகை அடித்துப் பின்பக்கத் தரைக்கு சிமெண்ட் போட்டான். அடுத்த ஞாயிறு தகரக் கூரை ஏறியது. இன்று சுவர்.

எஸ்டேட்டை விட்டு மெர்லிமா டவுனுக்குக் குடிவந்து நான்கு வருடமாகிறது. சமைக்கக் குசினி சின்னது என்று அவள் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. உடைத்துப் பெரிதாக்கச் சொல்லி அவள் கேட்டது, நாள் தள்ளிப்போன இந்த மாதத்தில்தான்.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் ஆணிகூட அடிக்கக் கூடாது. கொத்தக் கூடாது, இடிக்கக் கூடாது. மீறினால் வயிற்றில் இருப்பது தங்காது. தமிழர் மட்டுமா, அந்த வீட்டு வரிசையில் குடியிருந்த மலாய்க்காரரும் சீனரும்கூட அதைத்தான் சொன்னார்கள். ஊரே பயந்து ஒதுங்கும் அந்தப் பேச்சைத்தான் தேவமலர் பிடித்துத் தொங்கினாள்.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. மூன்றாவது பிரசவத்தில் ஒன்பது போத்தல் ரத்தம் ஏற்றி அவளைப் பிழைக்க வைத்தார்கள். இன்னொன்று உண்டானால் தாய் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். கருத்தடை ஆபரேஷனுக்கான தாளை நீட்டியபோது நாகமுத்து கையெழுத்துப் போடவில்லை. "பாப்போம்லா" என்றான். ஒரு பையனுக்கு இடம் விட்டு வைத்தான், பாவி.

இப்போது சொன்னால் துள்ளிக் குதிப்பான். கோயிலுக்கு ஓடுவான். அவள் செத்துப்போவாள். மூன்று பெண்களும் எவள் கையையோ எதிர்பார்த்து வளர்வார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை.

பிள்ளைகள் ரெம்பியாவில் நாத்தனார் வீட்டில் இருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட வந்த முனியம்மா எட்டிப் பார்த்தாள்.

"வீட்ல யாரும் முழுகாம இல்லாத நேரமா பாத்து ஒடைக்கிறீங்க. நல்லதுலா."

தேவமலர் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்று, சிரித்து வைத்தாள்.

நாகமுத்து திரும்பவே இல்லை. சுவரோடு பழைய பகை இருந்தவன்போல் அடித்தான். அடிக்கு அடி வீடு அதிர்ந்தது. சாமிப் படம் ஆணியில் ஆடிச் சாய்ந்தது. வயிற்றில் இருப்பதற்கும் அவள்தானே அம்மா. இப்படி ஒரு பாவத்தை எந்தப் பெண் செய்வாள்? செய்கிறாளே, மற்ற மூன்றுக்காகச் செய்கிறாளே.

பாதிச் சுவர் போய்விட்டது. வெளியே வாழை மரம் தெரிந்தது.

நாகமுத்து நிறுத்தினான்.

இதோடு போதும் என்று சொல்லிவிடுவானோ என்று அவளுக்குப் பயம் வந்தது. காப்பியை ஆற்றிக் கொண்டுபோய் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. முகமெல்லாம் சிமெண்ட் தூசி. அதில் கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு ஈரமாக இருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தான்.

"மூணு தடவ பாத்தவன், எனக்குத் தெரியாதா மலரு? மொதல் ஆணி அடிக்கும்போதே தெரியும். எனக்கு நீ இருந்தா போதும். தள்ளி நிக்காத, கிட்ட வா."

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

நாகமுத்து கண்ணை மூடிக்கொண்டு சம்மட்டியை ஓங்கினான்.