நாக்குக்கு அடியில்

"வாயைத் திற. நாக்கைத் தூக்கு. ம்... இந்தப் பக்கம் திரும்பு."

கிரிசாந்தோ திரும்பினார். மனைவி பன்யாங் அவர் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, கன்னத்தின் உள்பக்கம் வரை பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.

"சந்தையில மீனோட செவுளைக்கூட நீ இப்படிப் பார்த்து வாங்கினதில்லடி."

"மீன் பொய் சொல்லாது. நீ சொல்வே."

ஏற்கெனவே ஒருமுறை மாட்டிக்கொண்டவர் என்ன பேச முடியும்?

அவர் கை விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கி, வலை இழுக்க முடியாமல் போனபோது, பன்யாங்தான் அவரைப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, கிளம்பும்போது மஞ்சள் மாத்திரை ஒரு பாட்டில் நிறையக் கொடுத்தார்கள். தீவிலிருந்து அடிக்கடி வர முடியாதே என்று சேர்த்தே கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வீக்கம் வடிந்தது. திரும்பவும் வலை பின்ன உட்கார்ந்தார். மாத்திரை வேலை செய்கிறது என்று பன்யாங் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

பிறகு ஒருநாள், கோழி முட்டை தேடி வீட்டுக்கு அடியில் குனிந்து போனாள். கால் நட்டுக் கட்டிய வீடு, மூங்கில் பிளாச்சுத் தரை. அவர் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் கீழே, மண்ணில் மஞ்சள் மஞ்சளாக மாத்திரைகள் கிடந்தன. இடுக்கு வழியாக அவர் நழுவவிட்டவை.

அன்றைக்கு அவள் போட்ட சத்தம் கரை வரைக்கும் கேட்டது.

"குமட்டுது பன்யாங். சோறு வாயில வச்சா துருப்பிடிச்ச ஆணியைக் கடிக்கிற மாதிரி இருக்கு. கை ரொம்ப வலிச்சா ஒண்ணு போட்டுக்கறேன். இல்லாட்டி விட்டுடறேன். இப்ப கை நல்லாத்தானே இருக்கு?"

"உன் தம்பியும் இதைத்தான் சொன்னான். இருமல் நின்னுபோச்சு, இனிமே மருந்து எதுக்குன்னான். அவனைப் புதைச்ச இடத்துல புல்லு முளைச்சாச்சு. நீயும் அங்க போய்ப் படுத்துக்கணுமா?"

தம்பி பேச்சை எடுத்ததும் கிரிசாந்தோ அடங்கிப்போனார். அன்றிலிருந்துதான் இந்தச் சோதனை. அவள் கையாலேயே மாத்திரை. அவள் கண் முன்னாலேயே தண்ணீர். அப்புறம், வாயைத் திற, நாக்கைத் தூக்கு.

ஆனாலும் அவருக்கு வாய் முழுக்கப் புண் வந்தது. காய்ச்சல் வந்தது. எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே தொடையிலும் தோளிலும் கறுப்புக் கறுப்பாகக் கன்றிப்போயிற்று.

"இந்த மாத்திரை வந்த பிறகுதான் எனக்கு இப்படி ஆகுது," என்றார்.

"போடாம ஏமாத்தினியே, அதுக்குத்தான் இப்ப அனுபவிக்கிறே. இன்னும் நாலு நாள் ஒழுங்கா உள்ள போனா எல்லாம் சரியாயிடும்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் பயம்தான். இன்னும் கவனமாக இருந்தாள். இன்னும் அதிகாலையில் எழுந்து கஞ்சி வைத்தாள்.

ஒரு காலை அவரால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. "இன்னிக்கு ஒரு நாள் வேணாம்டி," என்று கெஞ்சினார். பன்யாங் அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். மாத்திரையைப் பொடித்து, கஞ்சியில் சர்க்கரையோடு கலந்து, குழந்தைக்கு ஊட்டுவதுபோல ஊட்டினாள்.

"எனக்காக. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். அவள் கேட்காமலேயே வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார். ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

பன்யாங் அலறிக்கொண்டு படகுக்காரனைத் தேடி ஓடினாள்.

அக்கரை சேர்வதற்குள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிப் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. வராந்தா பெஞ்சில் பன்யாங்கின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்களால ஆனதெல்லாம் செஞ்சோம்மா. ரத்தம் நிக்கவே இல்ல. இவ்வளவு மோசமா எப்படி ஆச்சுன்னுதான் எனக்குப் புரியல. மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டாரா?"

பன்யாங் முந்தானைத் துணியில் சுற்றி வைத்திருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் ஏமாந்துட்டேன் டாக்டரம்மா. ஆரம்பத்துல எனக்குத் தெரியாம முக்கால்வாசியைக் கீழ போட்டுட்டார். அதுதான் அவரைக் கொன்னுடுச்சு. கண்டுபிடிச்ச பிறகு நான் விடவே இல்ல. தினமும் காலைல நானே நின்னு, நாக்குக்கு அடியில கூட பார்த்து..."

"தினமுமா?"

"ஒரு நாள்கூடத் தப்பினதில்ல. புதன்கிழமை காலைல சாப்பிட்டதும் ஒண்ணுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. அந்தப் புதன்கிழமையே ஆரம்பிச்சிட்டேன்."

டாக்டரம்மாவின் முகம் வெளிறிப்போனது. பாட்டிலையே பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல அவள் சொன்னாள்:

"இது புதன்கிழமை மட்டும் போடற மாத்திரைம்மா, வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணு. கீழ போட்டுக்கிட்டிருந்த வரைக்கும்தான் அவர் பொழைச்சிருந்தார்."