வராத வார்த்தை

"டீச்சர், மறுபடி பேசறான்! கேளுங்க, கேளுங்க!"

இளம் கேப்டன் ஹெட்போனை டீச்சரின் நரைத்த தலையில் ஏறக்குறையக் கவிழ்த்தே விட்டான்.

அந்த அறையைப் பார்த்தால் யாரும் வாயைப் பிளப்பார்கள். சுவர் முழுக்கத் திரைகள். ஒன்றில் வானத்துச் செயற்கைக்கோள் அனுப்பும் படம். எறும்புகளாக இரண்டு லாரிகள் எதிரெதிர்த் திசையில் ஊர்ந்துகொண்டிருந்தன. மற்றவற்றில் நான்கு நாட்டு அதிகாரிகள். அறைக்குள்ளே ராணுவம், கடற்படை, போலீஸ், சுங்கம் எல்லாம் ஒரே மேசையில் சண்டை போடாமல் உட்கார்ந்திருந்ததே பெரிய அதிசயம்தான். இத்தனைக்கும் நடுவில் மடியில் கைப்பையோடு டீச்சர். திக்கிப் பேசும் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். காலையில் கர்னலே நேரில் போய் ஜீப்பில் அழைத்து வந்திருந்தார். ஏன் இவரை என்று கேப்டனுக்கு யாரும் சொல்லவில்லை. ராணுவத்தில் அதையெல்லாம் கேட்கவும் முடியாது.

லாரிகள் இரண்டிலும் ஒரே மாதிரி கன்டெய்னர். ஒன்று காலி. இன்னொன்றுக்குள், வெளிநாட்டில் வேலை என்று நம்பி ஏமாந்த நாற்பது பேர். வெளியே பூட்டு, மேலே உச்சி வெயில். எல்லைக்கு அப்பால், லாரிகள் போகும் அந்தக் காட்டுப் பகுதியில் பக்கத்து நாட்டு ராணுவத்திடம் இருந்தது ஒரே ஒரு ஹெலிகாப்டர். தப்பான லாரியில் போய் இறங்கினால், சரியான லாரி கப்பல் ஏறிவிடும்.

"நாம ஒட்டுக்கேட்ட முதல் போன்ல அந்தக் கடத்தல்காரன் என்ன சொன்னான்?" என்றார் கர்னல்.

"மேற்கு ரோட்டு லாரியிலதான் சரக்கு இருக்கு, பத்திரமா பாத்துக்கோன்னு சொன்னான் சார். மளமளன்னு தெளிவா சொன்னான்."

"இப்போ?"

"இப்போ வேற ஒருத்தன்கிட்ட உளர்றான் சார். 'க... க... சூரியன் உதிக்கிற பக்கம் போற வண்டி எங்கேயும் நிக்காம போகணும்'னு. பொய் சொல்றான், அதான் நாக்கு தடுமாறுது. அதுவுமில்லாம சூரியன்னா ஆயுதம்னு நம்ம சங்கேதப் பிரிவு மண்டையை உடைச்சுக் கண்டுபிடிச்சு வச்சிருக்கு. உப்புத் தண்ணின்னா போதை மருந்து. பெரிய படகுன்னா பேங்க்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அது அதிக நேரம் நிற்கவில்லை.

"அதெல்லாம் சங்கேதம் இல்ல தம்பி. கிழக்கு, கடல், கப்பல். 'க'ன்னு ஆரம்பிச்சாலே அவனுக்குத் தொண்டையில முள்ளு நிக்கும். அதான் சுத்தி வளைச்சு வேற வார்த்தை போட்டுக்கிறான். திக்குறவங்க நிறைய பேர் அப்படித்தான் பேசுவாங்க."

திரையில் இருந்த ஒரு வெளிநாட்டு அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சரி டீச்சர், ஆனா பொய் சொல்றவன்தானே தடுமாறுவான்?" கேப்டன் விடவில்லை.

"ஊருல எல்லாரும் அப்படி. இவன் தலைகீழ். பொய் சொல்லணும்னா முன்கூட்டியே சொல்லிச் சொல்லிப் பழகிக்குவான். பழகினது திக்காது. உண்மைதான் அவசரத்துல வந்து மாட்டிக்கும்."

கர்னல் அருகில் வந்து குனிந்தார். "அப்போ கிழக்கு லாரியா? யோசிச்சுச் சொல்லுங்க. நாற்பது உயிர்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எதிர்த்தா சுடுவாங்களா?"

"பின்னே, மடியில வச்சுக் கொஞ்சுவாங்களா?" என்றான் கேப்டன். கர்னல் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டான்.

"கிழக்கு லாரிதான்," என்றார் டீச்சர். "பின்னாடி கொஞ்சம் தள்ளி ஒரு கார் வரும், பாருங்க. அவனும் அதுல இருப்பான். ஒரு வேலையை அடுத்தவங்களை நம்பி விட்டுட்டு அவனால சும்மா உட்கார முடியாது."

படத்தைப் பெரிதாக்கினார்கள். மரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கார் வந்துகொண்டிருந்தது. கேப்டனுக்குப் புல்லரித்தது.

"அவன் ஜாதகமே உங்க கையில இருக்கே டீச்சர்!"

ஹெலிகாப்டர் கிளம்பியது. பிறகு எல்லாமே சத்தமில்லாத படமாக நடந்தது. கயிற்றில் வீரர்கள் இறங்கினார்கள். கார் திரும்ப முயன்று முடியாமல் நின்றது. பூட்டு உடைந்து கதவு திறந்ததும் ஒவ்வொருவராக வெளியே விழுந்தார்கள். ஒரு பெண் எழுந்து நின்று, வானத்தைப் பார்த்து வாயைத் திறந்து காற்றைக் குடித்தாள்.

"எல்லாருக்கும் உயிர் இருக்கு சார்!" என்று கத்தினான் கேப்டன்.

அறை அதிர்ந்தது. நான்கு நாட்டுக்காரர்களும் அவரவர் அறையில் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். கேப்டனின் கண்ணில் தண்ணீர். எத்தனை நாட்டு உளவாளிகள், எத்தனை கோடிக்கு இயந்திரங்கள்! கடைசியில் ஒருவருடைய காது அல்லவா காப்பாற்றியது என்று அவனுக்குப் பிரமிப்பு அடங்கவில்லை.

"அவனையும் பிடிச்சாச்சு. காயம் எதுவும் இல்ல," என்றார் கர்னல். ஏனோ அதை டீச்சரிடம்தான் சொன்னார்.

டீச்சர் மட்டும் கை தட்டவில்லை. கேப்டன் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"உங்களுக்கு மெடலே குடுக்கணும் டீச்சர்! அவன் உங்க பள்ளிக்கூடத்துல படிச்சவனா?"

"பள்ளிக்கூடம் அப்புறமாத்தான் ஆரம்பிச்சேன். அவன் பேச்சைச் சரி பண்ணணும்னுதான் இந்தத் தொழிலையே கத்துக்கிட்டேன்."

கேப்டன் புரியாமல் பார்த்தான். டீச்சர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க போன் போட்டுப் பேசும்போது, பெத்தவ கேட்டதா மட்டும் சொல்லிடாதீங்க தம்பி. சாப்பிட்டானான்னு விசாரிச்சுச் சொல்லுங்க, போதும்."