அடைக்கூடை ஆணி

அடைக்கோழியின் கூடையில் முட்டைகளோடு கிடந்த இரும்பாணியைத் தொடவே கூடாது என்று மாமியார் சொல்லியிருந்தாள். "ஆணி இல்லாம இடி இடிச்சா அத்தனையும் கூமுட்டையாப் போயிரும்டி." நேற்று சாயங்காலம் கூரையைப் பிளப்பதுபோல இடித்தபோது நிறைமாதக்காரி பவுனம்மாவுக்குத் தன் வயிறுதான் நினைவில் இருந்தது. கோழி கொத்தக் கொத்தக் கூடைக்குள் கைவிட்டு, ஆணியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காலையில் மாமியார் முட்டைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டாள். உயிர் இருந்தால் முட்டை தானாக ஆடும். ஒன்றுகூட ஆடவில்லை. கூடையைத் துழாவிய அவள் கை வெறுமனே வெளியே வந்தது.

"ஆணி எங்கடி?"

பவுனம்மா தண்ணீர்ப் பக்கம் திரும்பவேயில்லை. ராத்திரியிலிருந்து வயிற்றைவிட்டு எடுக்காத கையை இன்னும் அழுத்திக்கொண்டு, "ஆடும் அத்தை, கொஞ்சம் பொறுங்க" என்றாள்.