வாய்ச்சூடு

துளசிமணி வேலை பார்க்கும் கம்பெனி கொடுத்த, பல்வரிசையைச் சீராக்கும் அலைனர் உறை தினமும் இருபத்திரண்டு மணி நேரம் பல்லில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் கழற்ற முடியாத கம்பியை மாட்டிவிடுவார்கள். கம்பிக்காரர்களுக்கு வரவேற்பு மேசை வேலை கிடையாது, கிடங்குதான். தன் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் கிடங்கில் பெட்டி அடுக்கவா படித்தாள்?

"என்ற வாய் சும்மாதான கெடக்குது, குடு கண்ணு. நீ வலியில்லாம சாப்புடு" என்று முதலில் கேட்டவள் அம்மாதான். அலைனர் வாய்ச்சூட்டை வைத்துத்தான் மணிக்கணக்குப் பார்க்கும். யார் வாய் என்று தெரியாது. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே ஜாடை என்பதால் ஓரளவு பொருந்தியும் விட்டது. அப்புறம் சாப்பாட்டுக்கு, தலைவலிக்கு, தோழி கல்யாணத்துக்கு என்று எட்டு மாதம் ஓடிப்போனது.

அம்மா பனியன் கம்பெனியில் பிசிர் நூலைப் பல்லால் கடித்தே அறுப்பவள். இன்று மகளின் சட்டைக்குப் பட்டன் தைத்துவிட்டு நூலைக் கடித்தாள். அறுபடவில்லை. முன்பற்கள் இரண்டும் விலகி நின்றன.

"எத்தனை நாளா இப்படி?"

"வயசானா பல்லு ஆடாதா? கத்திரி வாங்கிக்கிட்டேன்."

"நாப்பத்தஞ்சு ஒரு வயசா? பொய் சொல்லாத!" என்று துளசிமணி கத்தினாள். யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரியும்.

"கத்தறத உட்டுப்போட்டு சாப்புடு, ரசம் ஆறுது" என்று அம்மா கையை நீட்டினாள்.

வேண்டாமென்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அலைனரைக் கழற்றி, கழுவி, அந்த உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தலை நிமிராமல் சாப்பிட்டாள்.