ஜன்னல் கண்ணாடியில் ஐந்து சுடர்கள்

அவர் வீடு வீடாகப் போய் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். மனைவி இறந்த பிறகு எட்டு மாதமாக வரவேற்பறையில் உட்காரவேயில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கு அந்த அறையை, பளபளப்பு எதுவும் இல்லாமல் வெள்ளையும் வைக்கோலுமாக, ஸ்காண்டிநேவிய பாணியில் அலங்கரிக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். மச்சினி அந்தத் தாளோடு மத்தியானமே வந்துவிட்டாள்.

சிவப்புத் திரையைக் கழற்றி வெள்ளைத் துணி மாட்டினார்கள். சின்ன ஊசியிலை மரத்தில் வைக்கோல் நட்சத்திரங்களைக் கட்டினார்கள். அவர் எங்கிருந்தோ ஒரு ஜிகினா மாலையை எடுத்து வந்தார்.

"அத்தான், அதைக் கொண்டுபோய் உள்ளே வைங்க. அக்கா இருந்தா கையை ஒடிச்சிருப்பா."

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் சிரித்தார்.

பொழுது சாயும்போது ஜன்னலோரம் நான்கு வெள்ளை மெழுகுவர்த்திகளை ஏற்றினார்கள். கண்ணாடியில் ஐந்து எரிந்தன.

"பழைய கண்ணாடி, ஒண்ணை ரெண்டா காட்டுது" என்று சொல்லிவிட்டு மச்சினி கிளம்பினாள்.

அவர் நான்கையும் ஒவ்வொன்றாக ஊதி அணைத்தார். கண்ணாடியில் ஒன்று மட்டும் அணையவில்லை. அதன் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் இளமஞ்சளாகப் படிந்தது. அவருக்குப் பயம் வரவில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும்போது வருகிற அலுப்புதான் வந்தது.

நாற்காலி ஒன்றை ஜன்னலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, பக்கத்தில் இன்னொன்றையும் போட்டார்.

"நீ சொன்ன மாதிரியே நல்லாத்தான் இருக்கு" என்றார்.

யாரோ கடந்துபோனால் சாய்வதுபோல, சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது.