ஆணி டயர்

உறைபனி ரோட்டில் வழுக்காதபடி ஆணி வைத்த டயர்தான் வேண்டும் என்று கய்ரே ஒற்றைக்காலில் நின்றாள். உர்மாஸுக்குச் சிரிப்பு வந்தது. வோரு நகரத்தில் டயர் விற்றே தலை நரைத்தவர் அவர். ஆணி டயரின் சத்தத்துக்காகவே அதைக் கேட்டு வந்த முதல் ஆள் இவள்தான்.

அவள் புருஷன் ரைவோ காலையிலேயே போன் செய்து, ஆணி இல்லாத பனி டயர் மாட்டச் சொல்லியிருந்தான். பழைய டயரின் ஆணிகள் தார் ரோட்டில் போடும் கரகர சத்தம் மண்டையைக் குடைகிறதாம். காரை மட்டும் இவளிடம் கொடுத்து அனுப்பியிருந்தான்.

"சத்தம் வந்தா வரட்டும் அண்ணே. முக்குல திரும்பும்போதே அவர் வர்றது எனக்குக் கேக்கணும்."

உர்மாஸுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அவர் வீட்டுக்குள் நுழைந்தால் அவர் மனைவி டிவியை விட்டுத் தலையைத் திருப்ப மாட்டாள். இவளோ கார் சத்தம் கேட்டதும் புருஷனுக்குச் சூப்பைச் சுடவைப்பாள் போலிருக்கிறது.

அப்போது ஆணி டயர் கரகரக்க வேறு யாரோ ஒருவரின் கார் வாசலில் வந்து நின்றது. கய்ரேயோடு வந்திருந்த அவள் மகள் ஹெலி, அடுக்கி வைத்திருந்த டயர்களுக்குப் பின்னால் சட்டென்று மறைந்தாள்.

"கண்ணாமூச்சியா பாப்பா?" என்று உர்மாஸ் குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை, வெளியே வா என்று கய்ரே கூப்பிட்ட பிறகுதான் குழந்தை மெல்ல எட்டிப் பார்த்தது.

ஏரியோரச் சாலை உறைந்து கிடக்கிறது, ஆணி இருந்தால்தான் பிடிப்பு இருக்கும் என்றும் கய்ரே சொல்லிப் பார்த்தாள். அது நியாயமாகப் பட்டதால் உர்மாஸ் ரைவோவுக்குப் போன் போட்டார். சொன்னதை மாட்டு என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

கார் அவனுடையது. உர்மாஸ் என்ன செய்வார்? சொன்னதையே மாட்டினார். கடைசிச் சக்கரத்தை முடுக்கும்வரை கய்ரே மகளின் தோளில் கை வைத்தபடி நின்றாள். இந்தச் சின்ன ஆசைகூட நிறைவேறவில்லையே என்று அவருக்குப் பாவமாக இருந்தது.

குழந்தையையாவது சிரிக்க வைக்கலாம் என்று புது டயரைத் தட்டிக் காட்டினார்.

"பாத்தியா பாப்பா? இனிமே உங்கப்பா பூனை மாதிரி வருவாரு. கதவைத் திறக்கிற வரைக்கும் உனக்குத் தெரியவே தெரியாது."

ஹெலி சிரிக்கவில்லை. அம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அப்போ நான் எப்பம்மா ஒளியறது?"